கொண்டோ பராமரிப்புக் கட்டணப் பாக்கியை வசூலிப்பது எப்படி? மலேசியாவில் புதிதாக நிர்வாகக் குழுவுக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுக் கூட்டத்தில் யாரும் கை தூக்காதபோது யாரோ உங்கள் பெயரைச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் சரியென்று தலையாட்டியிருப்பீர்கள். அடுத்த வாரம் நிர்வாக அலுவலகத்தில் உட்காரவைத்து ஒரு தடித்த கோப்பைக் கையில் கொடுப்பார்கள். வரிசையாக வீட்டு எண்கள், எதிரே பாக்கித் தொகை. சில வீடுகளுக்கு 400 ரிங்கிட், சில வீடுகளுக்கு 11,000 ரிங்கிட். அதைப் பார்த்ததும் வயிறு கலங்குவது இயல்புதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சிலாங்கூரில் 17 மாடிக் கொண்டோ ஒன்றில் நான்கு வருடம் பொருளாளராக இருந்தேன். 200 வீடுகள், இரண்டு லிஃப்ட். நான் பொறுப்பேற்ற ஆண்டில் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்துக்குக் கொடுக்கப் பணமில்லாமல் ஒரு லிஃப்ட் ஐந்து வாரம் நின்றுகிடந்தது. அந்த ஐந்து வாரத்தில் மற்றதும் இரண்டு முறை பழுதானது. 14ஆம் மாடியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் ஒரு அம்மா இருந்தார். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மகன்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினார்கள். ஒவ்வொரு தளத்திலும் நாற்காலியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். நான் முன்னால் கதவுகளைத் திறந்து பிடித்துக்கொண்டே இறங்கினேன். கட்டாத கட்டணம் என்பது யார் தோளில் போய் விழுகிறது என்று அன்று பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதப் பாக்கியை வாங்கிவிடலாம். மூன்று வருடப் பாக்கியை வாங்குவது பெரும்பாடு. சட்டம் நிர்வாகத்துக்குப் போதுமான அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதைக் காலத்தோடு, முறையோடு பயன்படுத்தாததால்தான் பல கொண்டோக்கள் கடனில் கிடக்கின்றன.

எந்தச் சட்டம், யாருக்கு?

அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சபா, சரவாக்கில் இது செல்லாது. அங்குள்ளவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ராத்தா பட்டா, அதாவது ஒவ்வொரு வீட்டுக்குமான தனி உரிமைப் பத்திரம், வருவதற்கு முன் கட்டடத்தை நடத்துவது கூட்டு நிர்வாக மன்றம். எல்லோரும் ஜே.எம்.பி. என்பார்கள். பட்டா வந்து முறைப்படி முதல் கூட்டம் நடந்த பிறகு நிர்வாகக் கழகம், அதாவது எம்.சி., பொறுப்புக்கு வரும். பாக்கி வசூலிக்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பிரிவு எண்தான் மாறும். ஜே.எம்.பி.க்கு 34, 35ஆம் பிரிவுகள். எம்.சி.க்கு 78, 79. கடிதத்தில் தவறான பிரிவைப் போட்டுவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். எனவே உங்கள் கட்டடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் படி: கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையில் பட்டியல் கிடைத்ததும் கடிதம் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என்னிடம் கொடுத்த பட்டியலில் 61 வீடுகள் இருந்தன. உட்கார்ந்து வங்கிக் கணக்கோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது 9 வீட்டுக்காரர்கள் உண்மையில் பணம் கட்டியிருந்தார்கள். ஆன்லைனில் அனுப்பியபோது வீட்டு எண்ணைக் குறிப்பிடவில்லை. அந்தப் பணம் யாருடையது என்று தெரியாமல் அலுவலகத்தில் தனியாகப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு வருடமாக மாதம் தவறாமல் கட்டியவர். அவருக்கு ஏற்கெனவே மூன்று நினைவூட்டல் கடிதங்கள் போயிருந்தன. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த ரசீதுகளை மேசையில் அடுக்கிக் காட்டினார். அந்த மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தது எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் மாதவாரியாக ஒரு கணக்கு அறிக்கை தயாரியுங்கள். என்ன பில், எந்தத் தேதி, எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம், சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி), தண்ணீர் பில், காப்புறுதிப் பங்கு, வட்டி, இவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ‘பாக்கி 4,312’ என்று ஒரே எண்ணாகப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் நடுவர் மன்றமும் ஏற்காது.

அடுத்து, கட்டண விகிதம் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் பங்கு அலகுக்கு, அதாவது கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டின் பங்கையும் காட்டும் எண்ணுக்கு, ஏற்பக் கணக்கிடப்படுகிறது. உதாரணத்துக்கு, ஒரு வீட்டுக்கு 120 பங்கு அலகு, அலகுக்கு 2.50 ரிங்கிட் என்றால் மாதம் 300 ரிங்கிட். ஜே.எம்.பி. காலத்தில் சிங்கிங் ஃபண்டுக்கு அதில் 10 விழுக்காடு, அதாவது 30 ரிங்கிட். ஆக 330. அந்த 2.50 எந்தப் பொதுக்கூட்டத்தில் முடிவானது? கூட்டக் குறிப்பில் இருக்கிறதா? அந்தக் குறிப்பின் நகலைக் கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள். பின்னால் கட்டாயம் கேட்பார்கள்.

மூன்றாவது, உரிமையாளர் யார்? நிர்வாகம் வைத்திருக்க வேண்டிய ஸ்ட்ராத்தா பதிவேட்டில் பெயர், கடித முகவரி எல்லாம் இருக்க வேண்டும். நடைமுறையில் பாதி பழையதாக இருக்கும். வீடு கை மாறியிருக்கும், உரிமையாளர் காலமாகியிருப்பார், அல்லது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருப்பார். சந்தேகம் வந்தால் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள், சிறு கட்டணம்தான். வாடகைக்கு இருப்பவர் பெயரில் நோட்டீஸ் அனுப்பிப் பயனில்லை, கடன் உரிமையாளருடையது. வீட்டுக்கடன் கொடுத்த வங்கியும் உரிமையாளர் ஆகாது.

இன்னொன்று. நிர்வாகக் குழு உறுப்பினர்களின் கணக்கை முதலில் பாருங்கள். குழுவில் ஒருவருக்குப் பாக்கி இருந்தால், அவர் கட்டும்வரை வேறு யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். “ஏன், உங்க செகரட்டரி கட்டிட்டாரா?” என்ற ஒரே கேள்வியில் நீங்கள் வாயடைத்துத் திரும்ப வேண்டிவரும்.

இரண்டாம் படி: பேசுங்கள், சீக்கிரமாக

பில் கிடைத்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம். அது முடிந்து ஒரு வாரம் பொறுத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். தனிச் செய்தியாக இருக்கட்டும், குழுவில் போட வேண்டாம். நான் அனுப்பியது இப்படித்தான் இருக்கும்: “வணக்கம் அண்ணே. பி-09-04 வீட்டுக்கு மார்ச் மாதக் கட்டணம் 330 ரிங்கிட் இன்னும் வந்து சேரவில்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை அனுப்புங்கள், பதிவு செய்துவிடுகிறோம். கணக்கில் ஏதும் சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை காலை அலுவலகத்தில் இருப்பேன்.” அவ்வளவுதான். சட்டம், நடவடிக்கை என்ற சொல்லே முதல் செய்தியில் வரக்கூடாது. என் அனுபவத்தில் மறந்துபோனவர்களில் பெரும்பாலோர் இதற்கே கட்டிவிடுவார்கள்.

இரண்டாவது மாதமும் வரவில்லை என்றால் நேரில் போங்கள். ஒருவராகப் போகாமல் இருவராக, இரவு எட்டு மணிக்குமேல், சாப்பாட்டு நேரம் தாண்டி. அப்போதுதான் உண்மையான காரணம் தெரியவரும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று கோபம். “என் வீட்டு கூரையில மூணு வருஷமா தண்ணி ஒழுகுது. அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் கட்டுறேன்.” இவர்களிடம் வாதம் செய்யாதீர்கள், அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கும். ஆனால் ஒழுகல் வேறு, கட்டணம் வேறு. ஒழுகலைக் காரணம் காட்டிக் கட்டணத்தை நிறுத்திவைக்க சட்டத்தில் இடமில்லை. மேல்மாடியிலிருந்து ஒழுகுவதாக எழுத்தில் புகார் வந்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் பரிசோதனை செய்யவேண்டும் என்று விதிமுறை இருக்கிறது. அந்தக் கடமையை முதலில் செய்யுங்கள். புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, பரிசோதனைத் தேதியைக் கையோடு குறித்துக் கொடுங்கள். பரிசோதனை நடந்த மறுவாரமே பாதிப் பாக்கியைக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தண்டிக்க நினைத்தது பழைய நிர்வாகத்தின் அலட்சியத்தை.

மற்றது இல்லாமை. வேலை போயிருக்கும், வீட்டில் நோய், கணவன் விட்டுப் போயிருப்பார். இவர்கள் கதவைத் திறக்கவே தயங்குவார்கள். மலிவுவிலை அடுக்குமாடிகளில் இது இன்னும் அதிகம். அங்கே மாதக் கட்டணம் சிறியதுதான், ஆனாலும் அது கட்ட முடியாத தொகையாக இருக்கும். இவர்களுக்குத் தவணை போட்டுக் கொடுங்கள். நான் வைத்திருந்த விதி எளியது: இந்த மாதக் கட்டணம் முழுதாக, அதோடு பழைய பாக்கியில் ஒரு சிறு தொகை. 1,980 ரிங்கிட் பாக்கி உள்ளவர் மாதம் 330 உடன் 110 சேர்த்துக் கட்டினால் 18 மாதத்தில் தீர்ந்துவிடும். நடப்பு மாதத்தைக் கட்டாமல் பழையதை மட்டும் கட்டும் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், வாளியில் ஓட்டையை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதுபோல் ஆகிவிடும்.

தவணை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். மொத்தப் பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, ‘இதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று உரிமையாளர் கையெழுத்துப் போடவேண்டும். இதில் இன்னொரு பயனும் உண்டு. 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடனை 6 வருடத்துக்குள் கோரவேண்டும். கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் அந்தக் காலக்கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். எனவே பழைய பாக்கி அதிகமுள்ள கட்டடங்களில் முதலில் பார்க்கவேண்டியது 5 வருடத்தைத் தாண்டியவைதான்.

ஒருவருக்கு மட்டும் அசலைத் தள்ளுபடி செய்வதாக நீங்களாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கட்டணத்தை முடிவு செய்தது பொதுக்கூட்டம். ஒரு வீட்டுக்குத் தள்ளுபடி கொடுத்த செய்தி அன்று மாலையே லிஃப்ட்டில் பரவிவிடும்.

மூன்றாம் படி: பாரம் 11

மூன்று மாதம் ஆகியும் பணமில்லை, பேச்சுமில்லை என்றால் சட்டப்படியான கோரிக்கை நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஜே.எம்.பி.க்கு அதற்குப் பெயர் பாரம் 11, அதாவது 11ஆம் படிவம். எம்.சி. என்றால் உரிய பாரம் எண் எது என்று விதிமுறைகளில் சரிபாருங்கள். இது இல்லாமல் நடுவர் மன்றம், நீதிமன்றம், ஜப்தி எதற்கும் போகமுடியாது. எத்தனை நினைவூட்டல் கடிதம் அனுப்பியிருந்தாலும் அவை பாரம் 11 ஆகிவிடாது.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும். 7 நாளில் கட்டு என்று எழுதினால் செல்லாது. தொகை சரியாக இருக்கவேண்டும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை என்பதும் இருக்கவேண்டும். ஒருவருக்கு இரண்டு வீடு இருந்தால் வீட்டுக்கு ஒன்றாக இரண்டு நோட்டீஸ் அனுப்புங்கள். கணக்கு அறிக்கையைக் கூடவே இணைத்துவிடுங்கள்.

அனுப்பியதற்கு ஆதாரம் வேண்டும். பதிவேட்டில் உள்ள முகவரிக்கு ஏ.ஆர். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். கையெழுத்தோடு திரும்பி வரும் அட்டையையும் தபால் ரசீதையும் ஒரே தாளில் ஒட்டி நகல் எடுத்து வையுங்கள். கூடவே ஒரு பிரதியை அந்த வீட்டுக் கதவில் ஒட்டி, வீட்டு எண்ணும் நோட்டீஸும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குக் கிடைக்கவே இல்லை’ என்பதுதான் நடுவர் மன்றத்தில் அதிகம் கேட்கும் வாசகம். அந்த அட்டையும் படமும் அதற்குப் பதில் சொல்லும்.

வட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மிகாமல், நாள் கணக்கில் வட்டி போடலாம். 1,980 ரிங்கிட்டுக்கு ஒரு நாள் வட்டி சுமார் 54 சென். இதற்குப் பயந்து யாரும் கட்டமாட்டார்கள். ஆனாலும் ஒழுங்காகப் போட்டு வாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி போடுங்கள். சிலருக்குப் போட்டுச் சிலருக்கு விட்டால் முழு வட்டியும் சந்தேகத்துக்குள்ளாகும்.

நான்காம் படி: கட்டடத்துக்குள் எடுக்கக்கூடிய நடவடிக்கை

14 நாள் கடந்தும் கட்டாதவர் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின் மூன்றாவது அட்டவணைப்படி கட்டணம் செலுத்தாதவராகக் கருதப்படுவார். பராமரிப்பு, நிர்வாகம் பற்றிய விதிமுறைகள் அவை. நிர்வாகம் அவருக்கு எதிராக நான்கு காரியங்கள் செய்யலாம். பெயர், வீட்டு எண், தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அவரது நுழைவு அட்டையைச் செயலிழக்கச் செய்யலாம். நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம், அவருக்கு ஒதுக்கிய பொது இடத்துக் கார் நிறுத்துமிடம் போன்ற வசதிகளை நிறுத்திவைக்கலாம். அட்டையை மறுபடி செயல்படுத்த 50 ரிங்கிட்டுக்கு மிகாமல் கட்டணம் வாங்கலாம். அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் இதே கட்டுப்பாடுதான். வாடகைக்காரர் பாவம் என்று தோன்றும். ஆனால் வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கு நம் கடிதம் எட்டாது, அவர் வாடகைக்காரரின் போன் எட்டும். வாடகைக்காரரை முன்கூட்டியே அழைத்து, நோட்டீஸ் நகலைக் காட்டி, எந்தத் தேதியில் அட்டை நிற்கும் என்று சொல்லிவிடுங்கள். அது மனிதத்தன்மையும்கூட.

இங்கே எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அட்டையை நிறுத்துவது வேறு, ஆளை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது வேறு. அட்டை வேலை செய்யாதவர் ஜாகாவிடம், அதாவது வாசல் காவலரிடம் வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவார், வெளியே வருவார். அதுதான் விதி. அவர் வீட்டுக்குப் போவதை யாரும் மறிக்கக்கூடாது. ஜாகாவுக்கு இதை எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் நள்ளிரவில் யாராவது தவறு செய்துவிடுவார்கள். எங்கள் கட்டடத்திலேயே ஒருமுறை, கைக்குழந்தையோடு வந்த பெண்ணை அரைமணி நேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள். அன்று இரவே நான் இறங்கிப் போய் கதவைத் திறக்கச் செய்தேன். மறுநாள் காலை புதிய உத்தரவு ஜாகா சாவடியில் ஒட்டப்பட்டது.

தண்ணீரை வெட்டச் சொல்லி குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு இணங்காதீர்கள். பாரம் 11 கொடுத்த இந்தப் பாதையில் தண்ணீர், மின்சாரத்தை வெட்டுவது இல்லை. வெட்டினால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டிவரும், உங்கள் நியாயமான கோரிக்கையும் அதோடு கெட்டுப்போகும்.

பலகையில் ஒட்டும் பட்டியலில் ஐ.சி. (அடையாள அட்டை) எண், தொலைபேசி எண் இருக்கக்கூடாது. அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுவதையும் குழு ஊக்குவிக்கக்கூடாது. தவணை ஒழுங்காகக் கட்டுபவர் பெயரை நான் ஒட்டியதே இல்லை. அவர் முயற்சி செய்துகொண்டிருக்கிறார், அவரை எதற்கு நாலு பேர் முன் நிறுத்தவேண்டும்?

ஓட்டுரிமையையும் மறக்காதீர்கள். கூட்டத்துக்கு ஏழாவது நாளுக்கு முன்பே எல்லாப் பாக்கியையும் தீர்க்காதவருக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போடும் உரிமை இல்லை. கூட்ட அறிவிப்பிலேயே கடைசித் தேதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் எங்களுக்கு ஒரு நல்ல தொகை அந்த வாரத்தில் வந்துவிடும்.

ஐந்தாம் படி: நடுவர் மன்றம், நீதிமன்றம், ஜப்தி

பாரம் 11இன் காலம் முடிந்தபின் மூன்று வழி இருக்கிறது. நான் பரிந்துரைப்பது ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றத்தை. 250,000 ரிங்கிட்வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, இரு தரப்பும் தாங்களே பேசவேண்டும். நடுவர் மன்றத்தின் பாரம் 1ஐ நிரப்பிக் கோரிக்கை பதிவு செய்து, அதன் பிரதியை எதிர்த்தரப்புக்குச் சேர்க்கவேண்டும். அவர் பாரம் 2இல் பதில் கொடுக்க 14 நாள். பாரங்கள் மலாய்மொழியில் இருக்கும். மலாய் சரளமாக எழுதும் குழு உறுப்பினர் ஒருவரை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு என்ன கொண்டுபோவது? ஸ்ட்ராத்தா பதிவேட்டில் அந்த வீட்டின் பக்கம், கட்டணத்தை முடிவு செய்த கூட்டக் குறிப்பு, மாதவாரிக் கணக்கு அறிக்கை, பாரம் 11, ஏ.ஆர். அட்டை, வட்டி கணக்கிட்ட தாள், உங்களைப் பேச அனுப்பும் குழுவின் அதிகாரக் கடிதம். எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு மூன்று பிரதி எடுங்கள். முதல் விசாரணைக்கு நான் பக்க எண் இல்லாமல் போய், நடுவர் மன்றத் தலைவர் கேட்ட தாளைத் தேடித் தேடி வியர்த்துப்போனேன்.

உள்ளே போனால் முதலில் சமரசத்துக்கு வழியுண்டா என்றுதான் பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் அந்தத் தவணை ஏற்பாடே தீர்ப்பாகப் பதிவாகும், அது நாம் வீட்டு வாசலில் எழுதி வாங்கியதைவிடப் பலமானது. எதிர்த்தரப்பு வராவிட்டாலும் தீர்ப்பு சொல்லப்படலாம். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல முயலவேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை மீறினால் 250,000 ரிங்கிட்வரை அபராதம், 3 வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 5,000 ரிங்கிட்வரை கூடுதல். இந்த வரியை எதிர்த்தரப்பு படிக்கும்போது பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

நீதிமன்றத்துக்கும் போகலாம். 100,000 ரிங்கிட்வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஆனால் வழக்கறிஞர் செலவு இருக்கிறது. 3,000 ரிங்கிட் பாக்கிக்கு அது கட்டுப்படியாகாது. ‘திவாலாக்கிவிடுவோம்’ என்று மிரட்டுவதையும் விட்டுவிடுங்கள். திவால் நடவடிக்கைக்குக் குறைந்தபட்சக் கடனே 100,000 ரிங்கிட்.

மூன்றாவது ஜப்தி. உங்கள் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம், எல்லோரும் சி.ஓ.பி. என்பார்கள், வாரண்ட் கேட்டு மனுப் போடலாம். வாரண்ட் கிடைத்தால் ஆணையர் அல்லது அவரது அதிகாரி முன்னிலையில் நிர்வாகம் வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பட்டியலிட்டுக் கைப்பற்றும். 14 நாளுக்குள் பாக்கி வராவிட்டால் அவற்றைப் பொது ஏலத்தில் விற்று, பாக்கி போக மீதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதை நான் ஒரே ஒருமுறை பக்கத்துக் கட்டடத்தில் பார்த்தேன். சோபா, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம். லாரி வாடகையும் சேமித்து வைக்கும் செலவும் போக அதிகம் மிஞ்சவில்லை. வசதியிருந்தும் பிடிவாதமாகக் கட்டாதவருக்கு, வாரண்ட் வந்திருக்கிறது என்ற செய்தி ஒன்றே போதும். குழந்தைகள் படிக்கும் மேசையைத் தூக்க வேண்டிய வீட்டுக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள்.

இவை தவிர, காரணமின்றி பாரம் 11ஐ மதிக்காதது குற்றமும்கூட: 5,000 ரிங்கிட்வரை அபராதம், 3 வருடம்வரை சிறை, அல்லது இரண்டும், தொடர்ந்தால் நாளுக்கு 50 ரிங்கிட்வரை. ஆனால் வழக்குத் தொடுப்பது அதிகாரிகளின் வேலை, அபராதப் பணமும் நம் கணக்குக்கு வராது.

வீடு லெலோங்குக்கு (ஏலத்துக்கு) போனால்

வங்கி ஏலத்துக்குப் போகும் வீடு என்று தெரிந்தவுடன் வங்கியின் வழக்கறிஞருக்குப் பாக்கிக் கணக்கை எழுத்தில் அனுப்புங்கள். பழைய பாக்கியை யார் ஏற்பது, எந்த வரம்புவரை என்பது ஏல நிபந்தனைகளில் இருக்கும். ஏலம் முடிந்தபிறகு ஓடினால் வாங்கியவரும் வங்கியும் மாறிமாறிக் கைகாட்டுவார்கள். சாதாரண விற்பனையிலும் இப்படித்தான்: வாங்குபவரின் வழக்கறிஞர் பாக்கி விவரம் கேட்டு எழுதும்போது அன்றைய தேதிவரை முழுக்கணக்கைக் கொடுங்கள், விற்பனைப் பணத்திலிருந்தே அது தீர்ந்துவிடும். உரிமையாளர் காலமாகியிருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். சொத்தை நிர்வகிக்க யார் நியமிக்கப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அவர் பெயரில் எழுதுங்கள்.

பணம் வந்தபிறகு

பணம் வந்த நாளே ரசீது கொடுங்கள். பகுதித் தொகை என்றால் எந்த மாதத்துக்கு வரவு வைத்தீர்கள் என்பதை ரசீதில் எழுதுங்கள், பழைய மாதத்திலிருந்து தொடங்குவது நல்லது. முழுதாகக் கட்டியவரின் அட்டையை உடனே திறந்துவிட வேண்டும், அலுவலகம் மூடிவிட்டது, திங்கள்கிழமை வாருங்கள் என்று சொல்லக்கூடாது. பலகையில் பெயர் இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். நடுவர் மன்றத்தில் கோரிக்கை நிலுவையில் இருந்தால் எழுத்தில் தெரியப்படுத்துங்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார், 11ஆம் மாடி. 18 மாதத் தவணையை 16 மாதத்தில் முடித்தார். கடைசித் தவணையை ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு, ஜொகூரிலிருந்து திரும்பிய கையோடு, கவரில் போட்டு என் வீட்டுக்கே கொண்டுவந்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னார், எண்ணினேன். ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு இருவருமாகக் கீழே இறங்கினோம். ஜாகா சாவடிக் கணினியில் அவர் அட்டையைத் திறந்தோம். அவர் வெளியே போய், வாசலில் நின்று அட்டையைத் தட்டிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. இன்னொருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, “சரி அண்ணே, வேலை செய்யுது” என்றார். ஜாகா பதிவேட்டை எடுத்து அவர் வீட்டு எண்ணின் மேல் கோடு போட்டார்.